யூவி விளக்கும் வெண்புள்ளிக் கணக்கும்: கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போருக்கு

கடல்மீன் தொட்டியில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்ததும் பலர் முதலில் தேடிப்போவது யூவி கருவியை, அதாவது தண்ணீரை ஒரு குழாய்க்குள் ஓடவிட்டுப் புறஊதாக் கதிரால் கிருமி கொல்லும் விளக்கை. கடைக்காரரும் பெட்டியைப் பார்த்து, "ஐந்நூறு லீற்றருக்குத் தாராளமாக் காணும் அண்ணே" என்று எடுத்துக் கொடுத்துவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பெட்டியிலுள்ள அந்த 500 லீற்றர் பெரும்பாலும் பச்சைத் தண்ணீரைத் தெளியவைக்கும் கணக்கு. மிதக்கும் பாசியைக் கொல்லத் தேவையான கதிரளவு ஒன்று, ஒட்டுண்ணியைக் கொல்லத் தேவையானது அதன் பல மடங்கு. இந்த வித்தியாசம் தெரியாமல் மாட்டிய கருவி மாதக்கணக்கில் நீல வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கும். மீன் அதன்பாட்டில் செத்துக்கொண்டிருக்கும்.

கடலில் வெண்புள்ளி நோயைத் தருவது கிரிப்டோகேரியோன் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைக்கல உயிரி. 1951இல் பிரவுன் என்ற ஆய்வாளர் இட்ட பெயர் அது. நன்னீர் வெண்புள்ளிக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை, வாழும் முறை மட்டும் ஒன்றுபோல் இருக்கும். மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புகுந்து 3 முதல் 7 நாள்வரை தின்று பருக்கும். பிறகு மீனைவிட்டுக் கழன்று அடிமணலிலோ கல்லிலோ ஊர்ந்து, சில மணித்தியாலங்களுக்குள் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து ஏறத்தாழ 200 குஞ்சுகள் வரை உண்டாகும். கூடு வெடிக்கப் பொதுவாக 3 முதல் 28 நாள் எடுக்கும், 72 நாள் கிடந்து வெடித்ததாகவும் பதிவு உண்டு. வெளியே வரும் குஞ்சு நீந்தித் திரிந்து மீனைப் பிடிக்கவேண்டும். ஒன்றிரண்டு நாள் உயிரோடிருந்தாலும், மீனுக்குள் புகும் வலு முதல் 6 முதல் 8 மணித்தியாலத்துக்குள்ளேயே வேகமாகக் குறைந்துவிடும்.

இந்தச் சுற்றில் யூவியின் கைக்கு எட்டுவது அந்த நீந்தும் கட்டம் ஒன்றுதான். மீனின் தோலுக்குள் இருப்பதும், மணலில் கூடாகக் கிடப்பதும் குழாய்க்குள் ஒருபோதும் போகாது. உடலில் புள்ளி தெரிந்த நாளில் கருவி வாங்கினால், அந்தப் புள்ளி ஒன்றைக்கூட அது தொடாது. புள்ளி மூன்றாம் நான்காம் நாள் தானாகவே மறையும், அது ஒட்டுண்ணி உதிர்ந்து கீழே போனதால். யூவி வேலை செய்துவிட்டதென்று நினைத்து ஆறுதல் அடைவது இந்த இடைவெளியில்தான். அடுத்த அலை பத்துப் பன்னிரண்டு நாளில் வரும்.

இன்னொரு எளிய கணக்கையும் போட்டுப் பார்க்கவேண்டும். ஒரு புள்ளியிலிருந்து 200 குஞ்சு. அவற்றில் 95 சதவீதத்தை யூவி கொன்றது என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 10. அந்தப் பத்தும் மீனை அடைந்தால் ஒன்று பத்தாகியிருக்கிறது, நோய் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பெருக்கத்தை நிறுத்த 200இல் ஒன்றுக்கு மேல் தப்பவிடக் கூடாது. ஒரே தொட்டிக்குள், கல்லிடுக்கில் தூங்கும் மீனுக்கு நாலு விரற்கடை தள்ளி வெடிக்கும் கூட்டிலிருந்து வரும் குஞ்சு, பம்ப் வாயைச் சுற்றிக்கொண்டா மீனிடம் போகும்? ஆகவே தனித்தொட்டியில் யூவி நோயை ஒழிக்காது. செய்வதெல்லாம் ஒரு சுற்றில் மீனை வந்து அடையும் எண்ணிக்கையைக் குறைப்பது. அதுவும் சின்ன விடயமல்ல: குறைந்த தாக்குதலைத் தாங்கிப் பிழைக்கும் மீனுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி ஏறும். "யூவி போட்ட பிறகு வருத்தம் வரவே இல்லை" என்று சொல்லப்படும் தொட்டிகள் பலவற்றில் உண்மையில் நடந்திருப்பது இதுதான். ஒட்டுண்ணி அங்கே இன்னும் இருக்கும். வெண்புள்ளி எளிதில் தொற்றும் பவுடர் புளூ ராங் மீன் ஒன்றைப் புதிதாக அந்தத் தொட்டியில் விட்டுப் பார்த்தால் தெரியும்.

இரவில் விளக்கை அணைப்பவர்கள் கொஞ்சம் பேரில்லை. மின்கட்டணம் காரணம். ஆனால் இந்த ஒட்டுண்ணி மீனைவிட்டுக் கழல்வதும், கூடு வெடித்துக் குஞ்சு வெளிவருவதும் பெரும்பாலும் இருட்டில், நடுச்சாமம் கடந்து விடியும்வரையான நேரத்தில். மீன் அசையாமல் அடியில் கிடக்கும் நேரம் பார்த்து வருகிறது. பகல் முழுக்க எரியவிட்டு இரவு பத்து மணிக்கு அணைக்கும் யூவி, வேலை இருக்கும் நேரத்தில் லீவு எடுக்கிறது. 24 மணித்தியாலமும் எரியவேண்டும். எரியவிட வழியில்லையென்றால் பகலில் அணைத்து இரவில் போடுங்கள்.

கதிரளவு: பெட்டியை நம்பாமல் கணக்குப் பார்ப்பது

இக்கருவிகளிலுள்ள யூவி-சி (கிருமி கொல்லும் புறஊதாக் கதிர்வகை) விளக்கு 253.7 நனோமீற்றர் அலைநீளத்தில் ஒளிவிடும். அது உயிரணுவின் டிஎன்ஏயில் அடுத்தடுத்துள்ள தைமின் மூலக்கூறுகளை ஒட்டவைத்துவிடும், அதன்பின் உயிரணு பிரியமுடியாது. எவ்வளவு கதிர் விழுந்தது என்பது இரண்டின் பெருக்கம்: கதிரின் செறிவு, தண்ணீர் அறைக்குள் நின்ற நேரம். அலகு, சதுர சென்ரிமீற்றருக்கு மைக்ரோவாற்-செக்கன். பாசிக்கும் பற்றீரியாவுக்கும் 30,000 அளவில் போதும் என்பார்கள். கடல் ஒட்டுண்ணிக் குஞ்சுக்குத் தயாரிப்பாளர்களின் அட்டவணைகள் 90,000இல் தொடங்கி 280,000 வரையும் அதற்கு மேலும் போகும். ஆளுக்கொரு எண் சொல்கிறார்களென்றால், 90,000ஐக் கீழெல்லையாக எடுத்து, விளக்கு பழசான பிறகும் அது கிடைக்கும்படி அமைப்பதே பாதுகாப்பு.

ஒரு 25 வாற் கருவியை எடுத்துப் பார்ப்போம். வெளிக்குழாயின் உள்விட்டம் 7.5 சென்ரிமீற்றர், நடுவில் விளக்கை மூடியுள்ள குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாய் 2.5, விளக்கின் நீளம் 40. இடையில் நிற்கும் தண்ணீர் ஏறத்தாழ 1.57 லீற்றர். விளக்கு எடுக்கும் மின்சாரத்தில் மூன்றிலொரு பங்குதான் யூவி-சியாக வரும், 8 வாற் என்று வையுங்கள். தெளிந்த தண்ணீரில் அறைக்குள் சராசரிச் செறிவு சதுர சென்ரிமீற்றருக்கு 12,700 மைக்ரோவாற் அளவில் நிற்கும். மணிக்கு 500 லீற்றர் ஓடினால் தண்ணீர் உள்ளே நிற்பது 11.3 செக்கன். பெருக்கினால் 143,000. நல்ல எண்தான். வெளிச்சுவரை ஒட்டிப்போகும் தண்ணீருக்கு 96,000 மட்டுமே கிடைக்கிறது, அதுவும் காணும். இனி விளக்கு ஒரு வருடம் எரிந்து 70 சதவீதத்துக்கு இறங்கட்டும், குவார்ட்ஸில் படிந்த அழுக்கு இன்னொரு 20 சதவீதத்தை மறிக்கட்டும். சராசரியே 80,000க்கு விழுந்துவிடும். அதே கருவிக்கு "மணிக்கு 1500 லீற்றர்" என்று பெட்டி சொல்வதைக் கேட்டு ஓட்டினால் புது விளக்கிலேயே 48,000 கிடைக்கும். பாசி சாகும், வெண்புள்ளிக் குஞ்சில் பல நீந்திக்கொண்டு மறுபக்கம் வரக்கூடும்.

அப்படியானால் ஓட்டத்தை இன்னும் குறைத்தால் என்ன? அங்கேதான் சிக்கல். 400 லீற்றர் தொட்டியில் மணிக்கு 500 லீற்றர் ஓடினால், ஒரு மணித்தியாலத்தில் தொட்டித் தண்ணீர் முழுவதும் யூவிக்குள் போய்வந்துவிட்டதாக எண்ணத் தோன்றும். சுத்தமாக்கிய தண்ணீர் திரும்பி வந்து அழுக்கோடு கலப்பதால் அப்படி நடக்காது. ஒரு மணித்தியாலம் முடிந்தும் 29 சதவீதத் தண்ணீர் ஒருமுறையும் போகாமல் நிற்கும். 99.99 சதவீதம் போய்வர ஏழரை மணித்தியாலம் ஆகும். குஞ்சு மீனைத் தேடும் வலுவான நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஓட்டத்தைக் குறைத்தால் உள்ளே வந்தது உறுதியாகச் சாகும், ஆனால் உள்ளே வருவது குறையும். கூட்டினால் நிறைய வரும், சாகாமல் போகும். இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க ஒரே வழி பெரிய விளக்கு. 400 லீற்றருக்கு 80 சென்ரிமீற்றர் நீளமான 55 வாற் கருவி, மணிக்கு 1000 லீற்றர் ஓட்டம் என்றால் மேலே சொன்ன தேய்மானம் எல்லாம் போயும் 90,000 நிற்கும், தண்ணீரும் மணிக்கு இரண்டரை முறை சுற்றும். தொட்டிக்குள்ளேயே தொங்கவிடும் 9 வாற் கருவிகளில் வெளிவரும் யூவி-சி இரண்டரை வாற் அளவில்தான். பச்சைத் தண்ணீருக்கு வாங்குங்கள், வெண்புள்ளிக்கு வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

ஓட்டத்தைப் பம்பின் பெட்டியிலுள்ள எண்ணை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. உயரமும் முழங்கை வளைவுகளும் அதில் பாதியைச் சாப்பிட்டுவிடும். யூவியிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் குழாயை, அதே உயரத்தில் வைத்தபடி, 10 லீற்றர் வாளிக்குத் திருப்பிவிட்டு நேரம் பாருங்கள். 36 செக்கனில் நிரம்பினால் மணிக்கு 1000 லீற்றர், 72 செக்கன் என்றால் 500. மூன்று மாதத்துக்கொருமுறை இதைச் செய்தால் பம்ப் அடைபடுவதும் தெரிந்துவிடும்.

பொருத்தும் இடம்

யூவிக்கென்று தனியாக ஒரு சின்னப் பம்ப் வைப்பதே மேல். பிரதான பம்பின் குழாயில் நேரே மாட்டினால் ஓட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாது. தண்ணீர் முதலில் துணிப்பை வடிகட்டியைக் கடக்கவேண்டும், தூசியின் நிழலில் ஒளிந்துபோகும் குஞ்சுக்குக் கதிர் படாது. பலர் கீழ்த்தாங்கியிலிருந்து எடுத்து அதே கீழ்த்தாங்கிக்குள் விடுகிறார்கள். அப்படிச் செய்தால் சுத்தமான தண்ணீரே திரும்பத் திரும்பச் சுற்றும், மேல்தொட்டிக்குப் போவது சுத்தமும் அழுக்கும் கலந்த தண்ணீர். யூவியின் வெளிவாய் மேல்தொட்டிக்கே போகவேண்டும். எடுக்கும் வாயை மேல்தொட்டியின் பின்மூலையில், அடியை ஒட்டிச் சல்லடையோடு வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. குஞ்சு வெளிவருவது அடியிலிருந்துதானே.

கருவியைச் செங்குத்தாக மாட்டினால் தண்ணீர் கீழ்வாயால் ஏறி மேல்வாயால் வெளியேறவேண்டும். மாறி மாட்டினால் மேலே காற்றுப் பை நிற்கும், விளக்கின் அந்தப் பகுதி வீண். இருபக்கமும் யூனியன் இணைப்பும் வால்வும் வையுங்கள், இல்லாவிட்டால் குவார்ட்ஸைக் கழுவ ஒவ்வொருமுறையும் குழாயை அறுக்கவேண்டி வரும். வாய்களில் ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்ரிக் குழாயை மாட்டாதீர்கள். கதிர் பட்டு அது நொறுங்கும், வெடிக்கும் நாள் பெரும்பாலும் நீங்கள் வீட்டில் இல்லாத நாளாக இருக்கும். ஒரு முழங்கை வளைவு போட்டு, அதற்கப்பால் கறுப்புக் குழாய். உடல் இரும்பென்றால் 304 வகைத் துருப்பிடிக்கா உருக்கு கடல்நீருக்குத் தாங்காது, 316எல் வேண்டும். நல்ல பிளாஸ்ரிக் உடல் இரண்டையும்விடக் கவலையில்லாதது.

திருகோணமலையில் உப்பு வாங்கிக் கரைப்பவர் குறைவு, கடலிலிருந்தே எடுப்பார்கள். எங்கிருந்து, எப்போது என்பது யூவியின் வேலையையும் பாதிக்கும். வாடைக்காற்றுக் காலத்தில், கார்த்திகையிலிருந்து தை வரை, மகாவலி கங்கையின் சேற்றுநீர் கொட்டியாரக்குடாவுக்குள் இறங்கும். வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த மேல்நீரும் அதே மாதங்களில் கரையோரமாகத் தெற்கே வரும். கலங்கிய, பழுப்பேறிய தண்ணீர் யூவி-சியைச் சில சென்ரிமீற்றரிலேயே விழுங்கிவிடும். மேலே போட்ட 143,000 என்ற கணக்கெல்லாம் தெளிந்த நீருக்குத்தான். மூதூர், கிண்ணியாப் பக்கமோ உட்துறைமுகத்திலோ எடுப்பதைவிட, உப்புவெளி, நிலாவெளி போன்ற திறந்த கடற்கரையில், மழை ஓய்ந்து கடல் தெளிந்த பிறகு எடுப்பது நல்லது. உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீற்றரில் ஒப்படர்த்தி 1.024க்கும் 1.026க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்த்து, மூடிய கறுப்புத் தாங்கியில் இரண்டு மூன்று வாரம் இருட்டில் கிடக்கவிட்டு மேல்நீரை மட்டும் எடுங்கள். நீந்தும் குஞ்சு மீன் கிடைக்காமல் அதற்குள் செத்துவிடும், சேறும் அடியில் தங்கிவிடும். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து கல்லோ முருகைக்கல்லோ மீனோ எடுப்பது குற்றம். வேறெங்கிருந்து கொண்டுவந்த கல்லானாலும் கூடு ஒட்டிவரக்கூடியது என்பதால் மீனைப்போலவே தனிமைப்படுத்த வேண்டியதுதான்.

கச்சான் காற்றுக் காலத்தில் வேறொரு தொல்லை. விளக்கு எடுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் சூடாகித் தண்ணீரில் இறங்கும். 55 வாற் விளக்கு 400 லீற்றரை மணிக்கு 0.12 பாகை அளவில் சூடாக்க வல்லது. ஆவியாதலும் திறந்த மேற்பரப்பும் அதில் பெரும்பங்கை வெளியேற்றிவிடும். கண்ணாடி மூடி போட்டு, அடைத்த அலுமாரிக்குள் கீழ்த்தாங்கி வைத்த தொட்டியில், ஏற்கெனவே 29, 30 பாகையில் நிற்கும் தண்ணீர் மேலும் ஏறும். சூடு கூடினால் ஒட்டுண்ணியின் சுற்றும் வேகமெடுக்கும், தண்ணீரில் ஒட்சிசனும் குறையும். செவுளில் ஒட்டுண்ணி இருக்கும் மீனுக்கு இது இரட்டை அடி. மேற்பரப்புக்கு ஒரு சின்ன விசிறி போதும், ஆவியாகும் அளவுக்கு நன்னீர் ஊற்றிக்கொண்டிருந்தால் சரி.

பராமரிப்பில் ஏமாற்றுவது அந்த நீல நிறம். விளக்கு நீலமாக எரிவது கண்ணுக்குத் தெரியும் ஒளி, கொல்லும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. 8,000 முதல் 9,000 மணித்தியாலத்தில், அதாவது ஏறக்குறைய ஒரு வருடத்தில், எரிந்துகொண்டிருந்தாலும் விளக்கை மாற்றவேண்டும். பொருத்திய திகதியை, விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பலாஸ்ட் பெட்டியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். குவார்ட்ஸ் குழாயில் இரண்டு மூன்று மாதத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு சவ்வும் சுண்ணாம்புப் படிவும் ஏறும். வெள்ளை வினாகிரியில் அரை மணித்தியாலம் ஊறவிட்டுப் பருத்தித் துணியால் துடைத்தால் போய்விடும். உரோஞ்சும் நார் பட்டால் கீறல் விழும். விளக்கையும் குவார்ட்ஸையும் வெறுங்கையால் தொடக் கூடாது, விரல் எண்ணெய் சுட்டுக் கறையாகும். ஓ-ரிங்குக்கு சிலிக்கன் கிறீஸ் மட்டும் பூசுங்கள். வாசிலின் பூசினால் இறப்பர் ஊதி, அடுத்தமுறை மூடும்போது நசுங்கி, உப்புத்தண்ணீர் விளக்கின் முனைக்குள் இறங்கும். எரியும் விளக்கை வெறுங்கண்ணால் பார்த்தால் அந்நேரம் ஒன்றும் தெரியாது. சில மணித்தியாலம் கழித்துக் கண்ணுக்குள் மணல் போட்டது போன்ற எரிவு தொடங்கும். திறக்குமுன் செருகியைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுத் திறக்கக் கூடாது. வீட்டில் கசிவு மின் துண்டிப்பான் இல்லாமல் உப்புத்தண்ணீருக்குப் பக்கத்தில் 230 வோல்ற் கருவி வைப்பது விளையாட்டல்ல.

பம்பும் யூவியும் ஒரே பலகையில் செருகியிருக்கவேண்டும். பம்ப் நின்று விளக்கு மட்டும் எரிந்தால் அறைக்குள் நிற்கும் தண்ணீர் வெந்துவிடும். மின்வெட்டில், இன்வேட்டர் இருந்தாலும், யூவிக்குக் கொடுக்காதீர்கள். காற்றுப் பம்பும் ஓட்டமும் முதலில். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் போன நாட்களில் தொட்டிகளைக் காப்பாற்ற முடிந்தது இந்த ஒழுங்கால்தான். செலவையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 55 வாற் என்றால் மாதம் 40 யூனிற். கட்டணப் பட்டியலில் அது உங்களை அடுத்த படிக்குத் தள்ளக்கூடும்.

மருந்து போடும்போது யூவியை அணைக்கவேண்டும். குளோரோகுயின் கதிர்பட்டுச் சிதையும், பிணைப்புச் செம்பு மருந்துகளில் பிணைப்பு உடைந்து செம்பு திடீரென விடுபடலாம். வெண்புள்ளி வந்துவிட்ட மீனுக்கு உண்மையான சிகிச்சை வேறு தொட்டியில்தான். ஒன்று, செம்பு: அயன் வடிவில் லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், தினமும் சோதனைப் பெட்டியால் அளந்து. மணலும் கல்லும் செம்பை உறிஞ்சும், இறாலும் முருகையும் அதில் சாகும், எனவே வெறுந்தொட்டி. இரண்டு, உப்பை 1.009க்கு இறக்குதல். மூன்று, 72 மணித்தியாலத்துக்கொருமுறை உலர்ந்த புதுத்தொட்டிக்கு மாற்றிப் பன்னிரண்டு நாளில் முடிக்கும் முறை. மருந்து கிடைக்காத ஊருக்கு இந்த மூன்றாவதுதான் மலிவும் உறுதியும். பிரதான தொட்டியை மீனில்லாமல் 76 நாள் விடுங்கள். அந்த நாட்களில் யூவி எரிந்தால் நல்லது, ஆனால் அதைக் காரணம் காட்டி நாளைக் குறைக்காதீர்கள்.

எல்லா வெள்ளையும் வெண்புள்ளியல்ல. மா தூவியது போன்ற மிக நுண்ணிய பொடி, வேகமான மூச்சு, ஓட்டத்தின் வாயில் போய் நிற்பது, இரண்டு மூன்று நாளில் சாவு என்றால் அது அமைலூடினியம், வெல்வெட் என்பார்கள். அதன் குஞ்சுகளுக்கும் யூவி உதவும், ஆனால் நோய் யூவிக்குக் காத்திராது, உப்பைக் குறைத்தாலும் போகாது. செம்புதான். கோமாளி மீனில் தோல் வழுக்கையாக உரியும் புரூக்கினெல்லா மீனிலேயே பிரிந்து பெருகுவதால் யூவிக்கு அங்கே வேலை குறைவு. தட்டைப்புழுவின் முட்டை இழைகளால் எங்காவது ஒட்டிக்கொள்ளும், அதுவும் குழாய்க்குள் வராது.

யூவிக்குப் போட்ட காசு முழுவதும் பலன் தருவது பல தொட்டிகள் ஒரே கீழ்த்தாங்கியைப் பகிரும் இடத்தில். கிழக்குக் கரையில் பிடிபடும் அலங்கார மீன்களைக் கொழும்புக்கு அனுப்புமுன் வைத்திருக்கும் கொட்டில்கள் அப்படித்தான் இருக்கும்: இருபது முப்பது கண்ணாடித் தொட்டி, ஒரே தண்ணீர். அங்கே ஒரு தொட்டியின் குஞ்சு அடுத்த தொட்டிக்குப் போக ஒரே பாதைதான், திரும்பும் குழாய். அந்தக் குழாயில் முழு ஓட்டத்துக்கும் போதிய யூவி, வாசற்காவலாளிபோல ஒவ்வொரு சொட்டையும் மறித்துத்தான் விடும். கலப்புக் கணக்கு அங்கே இல்லை, ஒரே கடப்பில் எவ்வளவு சாகிறது என்பது மட்டுமே. மணிக்கு 3000 லீற்றர் சுற்றும் கொட்டிலுக்கு 55 வாற் கருவி மூன்றைப் பக்கம்பக்கமாக மாட்டி, ஒவ்வொன்றிலும் 1000 ஓடவிடுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினாலும் மொத்தக் கதிரளவு ஏறக்குறைய அதே, ஆனால் ஒன்றைக் கழுவ எல்லாவற்றையும் நிறுத்தவேண்டி வரும். நோய்பட்ட தொட்டி நோயோடுதான் இருக்கும், பக்கத்துத் தொட்டிக்கு அது பரவுவது மட்டும் நிற்கும். அதையும் கெடுப்பது ஈரவலை. எல்லாத் தொட்டிக்கும் ஒரே வலையைப் போடும் கொட்டிலில் எத்தனை விளக்கு எரிந்தாலும் பயனில்லை, வரிசைக்கொரு வலையும் ஒரு வாளியும் வேண்டும். வெல்வெட்டின் குஞ்சு காற்றுக்கல் குமிழிகள் தெறிக்கும் நுண்துளிகளிலேயே அடுத்த தொட்டிக்குப் பறந்துபோகும் என்பதால் தொட்டிகளுக்கு மூடியும் வேண்டும்.